நொடிப்பு மனு வழக்கறிஞர்: தேர்ந்தெடுத்தலும் இணைந்து செயல்படுதலும்

நொடிப்பு மனு வழக்கறிஞர் என்பவர், பட்ட கடனைத் திருப்பித் தர இயலாத நிலைக்கு வந்துவிட்ட ஒருவருக்காக நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்து, அவர் நொடித்தவராக அறிவிக்கப்படுவது முதல் கடன்களிலிருந்து விடுவிக்கப்படுவது வரை வழக்கை நடத்தித் தருபவர் ஆவார். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இது 'ஐ.பி. போடுவது', 'ஐ.பி. கொடுப்பது', 'மஞ்சள் கடுதாசி கொடுப்பது' என்று சொல்லப்படுகிறது. ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம்.

'ஐ.பி. கொடுத்தவன்' என்பது நம் ஊர்களில் ஒரு வசைச்சொல்லாகவே வழங்கி வருகிறது. ஊரை ஏமாற்றிவிட்டு ஓடியவன் என்ற பொருளில் அதைச் சொல்வார்கள். சட்டத்தின் நோக்கம் அதுவன்று. உள்ள சொத்தை எல்லாக் கடன்காரர்களுக்கும் நியாயமாகப் பங்கிட்டுக் கொடுத்து, நேர்மையான கடனாளியை மீண்டும் பிழைக்க விடுவதே அதன் நோக்கம். இதில் 'நேர்மையான' என்ற சொல்தான் முக்கியம். எந்த வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது, அவரிடம் என்ன சொல்வது, அவர் சொல்வதில் எதைக் கேட்பது ஆகிய எல்லாமே அந்த ஒரு சொல்லைச் சார்ந்தே அமைகின்றன.

இக்கட்டுரை தமிழ்நாட்டில் உள்ள தனிநபர் கடனாளிகளைப் பற்றியது. கம்பெனிகளின் நொடிப்புக்குச் சட்டமும் மன்றமும் வேறு.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்

தனிநபர்களின் நொடிப்புக்கு இரண்டு பழைய சட்டங்கள் உள்ளன. சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டின் இராசதானி நகரங்கள் நொடிப்புச் சட்டம் பொருந்தும். பிற இடங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம் பொருந்தும். எனவே சென்னை நகரில் வசிப்பவர் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். மற்ற மாவட்டங்களில் இவ்வகை மனுக்களைப் பெரும்பாலும் சார்பு நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. கடனாளி வழக்கமாக வசிக்கும் இடம், அல்லது தொழில் செய்யும் இடம் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் மனுப் போட முடியும்.

2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் தொகுப்புச் சட்டம் இவ்விரு சட்டங்களையும் நீக்குவதற்கு வழி செய்துள்ளது. ஆனால் தனிநபர்களைப் பற்றிய அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் உத்தரவாதம் கொடுத்தவர்கள் விஷயத்தில் மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மளிகைக் கடைக்காரர், தறி உரிமையாளர், மாதச் சம்பளக்காரர் போன்றோருக்குப் பழைய சட்டங்களே தொடர்ந்து பொருந்தி வந்துள்ளன. "என் வழக்குக்கு இன்றைய தேதியில் எந்தச் சட்டம் பொருந்தும்?" என்பது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இதற்கு அவர் தடுமாறாமல் பதில் சொல்கிறாரா என்பதிலேயே அவருக்கு இத்துறையில் உள்ள பழக்கம் தெரிந்துவிடும்.

மாகாண நொடிப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, கடனைத் தீர்க்க இயலாத ஒருவரின் கடன் 500 ரூபாயாக இருந்தாலே அவர் மனுச் செய்யலாம். கடனுக்காகக் கைதாகியிருப்பவரும், சொத்து ஜப்தியில் இருப்பவரும் செய்யலாம். 1920இல் 500 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு அந்த வரம்பு பெயரளவுக்கே உள்ளது.

மனு எதைத் தரும், எதைத் தராது

வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் நடக்காததை நடத்தித் தருகிறேன் என்பவரை நம்பிவிட நேரும்.

நொடித்தவராக அறிவிக்கும் ஆணை பிறந்ததும் கடனாளியின் சொத்துகள் நீதிமன்றத்தின் வசம், அல்லது அது நியமிக்கும் ரிசீவரின் வசம் போய்ச் சேரும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்பணியைச் செய்பவர் அஃபிஷியல் அசைனி எனப்படுகிறார். அதன்பின் கடன்காரர் எவரும் நீதிமன்றத்தின் அனுமதியின்றித் தனியாக வழக்குப் போட முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டுமானால் அதற்குத் தனியாக விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். மனுவைத் தாக்கல் செய்த அன்றே எல்லாம் நின்றுவிடும் என்று நினைப்பது தவறு.

உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் தொழிற்கருவி, உழவரின் உழவுக் கருவி போன்றவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து காக்கிறது. வருங்கால வைப்பு நிதிக்கும் சம்பளத்தின் ஒரு பகுதிக்கும் இத்தகைய பாதுகாப்பு உண்டு. இவை நொடிப்பிலும் கடனாளியை விட்டுப் போவதில்லை. மனைவியின் சீதனமும் அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தும் கணவனின் சொத்தாகா. அவர் கையெழுத்துப் போடாத கடனுக்கு அவர் பொறுப்பும் ஆகார்.

மனு தராதவற்றையும் பார்க்க வேண்டும்.

- வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு, அந்த வீட்டை விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளும் வங்கியின் உரிமை பாதிக்கப்படாது.
- அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியும், மோசடியால் வந்த கடனும், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சமும் விடுவிப்புக்குப் பிறகும் நிற்கும்.
- காசோலை திரும்பிய வழக்கு குற்ற வழக்கு. நொடிப்பு மனு அதைத் தானாக நிறுத்திவிடாது.
- ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் தப்ப முடியாது. கடனாளி விடுவிக்கப்பட்டாலும் கடன்காரர் ஜாமீன்தாரரிடம் வசூலிக்கலாம்.

கடைசியில் சொன்னதை மிகவும் கவனிக்க வேண்டும். தம்பியோ மைத்துனரோ உடன் வேலை செய்பவரோ நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். மனுப் போடப் போகிறோம் என்பதை அவர்கள் நீதிமன்ற நோட்டீசு வந்து தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடக் கூடாது. அவர்களை எப்படிப் பாதுகாப்பது, அந்தக் கடனை மட்டும் பேசித் தீர்க்க வழி உண்டா என்பதை முதல் சந்திப்பிலேயே வழக்கறிஞரிடம் பேச வேண்டும்.

எப்போது வழக்கறிஞரைப் பார்ப்பது

பலரும் ஜப்தி ஆணையோடு அமீனா வாசலில் வந்து நின்ற பிறகே வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். அதற்குள் செய்யக் கூடாத காரியங்கள் சிலவற்றைச் செய்து முடித்திருப்பார்கள். வீட்டை மனைவி பெயருக்குத் தானமாக எழுதுவது, நெருங்கிய உறவினரின் கடனை மட்டும் அடைப்பது, கடைச் சரக்கை இரவோடு இரவாக வேறிடத்துக்கு மாற்றுவது ஆகிய மூன்றும் அவற்றில் அடிக்கடி நடப்பவை.

சட்டம் இவற்றை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது. மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் உரிய விலையின்றிச் செய்த சொத்து மாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். மனுவுக்கு முந்தைய 3 மாதங்களுக்குள், மற்றவர்களை விட்டு ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டும் நோக்கத்துடன் கொடுத்த பணத்தையும் திரும்பப் பெறலாம். சொத்தை மறைப்பதும் கணக்குப் புத்தகத்தை அழிப்பதும் குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஆகவே வழக்கறிஞரைப் பார்க்க உகந்த நேரம், புதிய கடன் வாங்கிப் பழைய கடனின் வட்டியைக் கட்டத் தொடங்கும் நேரமே. அப்போது மனு தேவைப்படாமலும் போகலாம். வங்கியுடன் ஒரே தவணைத் தீர்வு பேசலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளலாம். ஒரு சொத்தை நல்ல விலைக்கு விற்று எல்லோருக்கும் விகிதப்படி கொடுக்கலாம். இந்த வழிகளை முதலில் சொல்லிவிட்டு, அவை பொருந்தாதபோது மட்டும் மனுவைப் பரிந்துரைப்பவரே நல்ல வழக்கறிஞர்.

கடனுக்காகச் சிறைக்குப் போக வேண்டும் என்ற அச்சமும் பலரை முடக்கிவிடுகிறது. கையில் பணம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரைச் சிறையில் அடைக்க முடியாது, பணம் இருந்தும் கெட்ட எண்ணத்தோடு தர மறுத்தது காட்டப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யச் சட்டமே அனுமதிப்பதில்லை.

எங்கே தேடுவது

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. அதனால் 'கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்து முன்பணம் கேட்கும் நிறுவனத்தைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் உங்களுக்காக வாதாட வழக்கறிஞருக்கு மட்டுமே உரிமை உண்டு. நீதிமன்ற வாசலில் வந்து பேச்சுக் கொடுக்கும் புரோக்கர்களையும் தவிர்க்க வேண்டும்.

நம்பத் தகுந்த வழிகள் நான்கு.

முதலாவது, நீதிமன்றமே. சார்பு நீதிமன்றத்தின் அன்றாட வழக்குப் பட்டியலில் ஐ.பி. என்று குறித்த வழக்குகள் இருக்கும். அவை எடுக்கப்படும் நாளில் பின்வரிசையில் அமர்ந்து கவனித்தால், அவற்றை நடத்துபவர்கள் யார் யார் என்பது தெரிந்துவிடும். நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இடம். உள்ளே போய் உட்காரத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஏற்கெனவே தெரிந்த வழக்கறிஞர். பத்திரப் பதிவுக்கோ பாகப்பிரிவினைக்கோ உங்கள் குடும்பம் அணுகிய வழக்கறிஞர் இத்துறையில் பழக்கமில்லாதவராக இருக்கலாம். ஆனால் உரிமையியல் பக்கத்தில் நொடிப்பு வழக்கு நடத்துபவர் யார் என்பதை அவரால் சொல்ல முடியும்.

மூன்றாவது, வழக்கறிஞர் சங்கம். ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் சங்க அலுவலகம் இருக்கும்.

நான்காவது, சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்டக் குழுவும் செயல்படுகின்றன. 15100 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் கேட்கலாம். கடனில் மூழ்கியவர் வழக்கறிஞர் கட்டணத்துக்காக இன்னொரு கடன் வாங்குவதற்கு முன் இந்தக் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

முடிந்தால் இரண்டு பேரையாவது பார்த்துப் பேசிவிட்டு முடிவு செய்வது நல்லது. கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

1. நொடிப்பு மனுக்களை நடத்தியிருக்கிறீர்களா? விடுவிப்பு ஆணை வரை கொண்டுபோயிருக்கிறீர்களா?
2. என் கடன்காரர்களில் யாருக்காவது நீங்கள் வழக்கு நடத்துகிறீர்களா? (வங்கிகளுக்குத் தனி வழக்கறிஞர் பட்டியல் உண்டு. உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியின் பட்டியலில் உள்ளவர் உங்களுக்காக நிற்பது பொருந்தாது.)
3. மனுப் போடாமல் தீர்க்க வழி உண்டா?
4. என் கடன்களில் எவை தீரும், எவை தீராது?
5. என் சொத்தில் எவை போகும், எவை மிஞ்சும்?
6. நீதிமன்றத்துக்கு நீங்களே வருவீர்களா, இளையவரை அனுப்புவீர்களா?
7. மொத்தச் செலவு எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில்?

பதில்களைவிட, அவர் உங்களிடம் திருப்பிக் கேட்கும் கேள்விகளே அதிகம் சொல்லும். சொத்தை எப்போது யாருக்கு எழுதினீர்கள், கணக்குப் புத்தகம் இருக்கிறதா, ஜாமீன் யார், நகை எங்கே அடகில் இருக்கிறது என்று குடைந்து கேட்பவர் உங்கள் வழக்கைக் காக்கப் பார்க்கிறார். எதையும் கேட்காமல் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்தை மட்டும் போடுங்கள்" என்பவரிடமிருந்து விலகுவதே மேல். "வீட்டை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு வாருங்கள், பிறகு மனுப் போடலாம்" என்று யோசனை சொல்பவர் உங்களைக் குற்றத்துக்குள் இழுக்கிறார்.

கொண்டுபோக வேண்டியவை

மனுவில் கடன்காரர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை ஆகியவற்றையும், கடனாளியின் சொத்து ஒவ்வொன்றையும் அதன் மதிப்பையும் அது இருக்கும் இடத்தையும் எழுத வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. ஆகவே ஒரு நோட்டில் இரண்டு பட்டியல்களை எழுதி எடுத்துச் செல்ல வேண்டும்.

கடன் பட்டியலில் இருக்க வேண்டியவை: கொடுத்தவர் பெயர், முகவரி, வாங்கிய தேதி, அசல், வட்டி, இதுவரை கட்டியது, எழுதிக் கொடுத்த ஆவணம் (புரோநோட்டா, காசோலையா, வெற்றுப் பத்திரமா), அடமானம், ஜாமீன்தாரர். நண்பரிடம் வாங்கிய கைமாற்று, சீட்டு எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்ட தவணை, கடன் அட்டைப் பாக்கி, கைபேசிச் செயலி வழியாக வாங்கிய கடன் ஆகிய எல்லாம் இதில் வர வேண்டும்.

சொத்துப் பட்டியலில் இருக்க வேண்டியவை: வீடு, மனை, நிலம், பாகம் பிரிக்காத குடும்பச் சொத்தில் உள்ள பங்கு, வாகனம், நகை, அடகுச் சீட்டு, வங்கி இருப்பு, காப்பீடு, கடைச் சரக்கு, பிறரிடமிருந்து வர வேண்டிய பாக்கி.

இவற்றோடு, நீதிமன்றத்திலிருந்து வந்த சம்மன், தீர்ப்பு நகல், நிறைவேற்று மனு நோட்டீசு, வழக்கறிஞர் நோட்டீசு, கணக்குப் புத்தகங்கள், கடந்த சில ஆண்டுகளில் செய்த விற்பனை அல்லது தானப் பத்திரங்கள் ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். அரசு ஊழியராக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை நடத்தை விதிகளில் இருக்கும்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று வாங்கியிருந்தால் அதை வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டத்தின்படி அது குற்றம். 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்தும் பலன் காணாத ஒரு தொழிலாளியின் குடும்பமே உயிரிழந்ததை நாடு பார்த்தது. மிரட்டல் இருக்குமானால் காவல்துறைப் புகார், நொடிப்பு மனு ஆகிய இரண்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அதற்கு வழக்கறிஞருக்கு முதல் நாளே விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் எதையும் மறைக்கக் கூடாது: ஒரு கணக்கு

ஒரு மளிகைக் கடைக்காரரை எண்ணிக்கொள்வோம். அவர் வீட்டின் மேல் வங்கிக் கடன் 14,00,000 ரூபாய். வீடு 16,00,000 ரூபாய்க்கு விலை போகிறது. வங்கி எடுத்தது போக மீதி 2,00,000. கடைச் சரக்கும் வண்டியும் விற்று வந்தது 1,60,000. ஆக 3,60,000 ரூபாய். இதில் ரிசீவர் செலவுக்கும் வரிப் பாக்கிக்கும் 60,000 போகிறது. பங்கிட மிஞ்சுவது 3,00,000.

அடமானமில்லாத கடன்கள்: புரோநோட்டுக் கடன் 5,00,000, மொத்த வியாபாரிக்கு 3,50,000, மைத்துனரிடம் கைமாற்று 1,50,000. மொத்தம் 10,00,000. ஆகவே ரூபாய்க்கு 30 காசு வீதம் கிடைக்கும். புரோநோட்டுக்காரருக்கு 1,50,000, வியாபாரிக்கு 1,05,000, மைத்துனருக்கு 45,000.

இப்போது, மனுவுக்கு ஒரு மாதம் முன்பு சரக்கை விற்று மைத்துனரின் கடனை மட்டும் முழுமையாக அடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பங்கிட மிஞ்சுவது 1,50,000. மீதிக் கடன் 8,50,000. மற்ற இருவருக்கும் ரூபாய்க்கு 18 காசுகூடக் கிடைக்காது. மைத்துனருக்குப் போன பணம் உண்மையில் அவர்களுடைய பங்கிலிருந்து எடுத்ததே. அதனால்தான் நீதிமன்றம் அதைத் திரும்பக் கேட்கிறது. மைத்துனர் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். கடைக்காரரின் விடுவிப்பும் சிக்கலுக்குள்ளாகும்.

இன்னொன்றும் இக்கணக்கில் இருக்கிறது. அடமானமில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது 50 காசு அளவுக்காவது சொத்து இல்லாவிட்டால், அது தன் குற்றத்தால் நேர்ந்ததன்று என்று கடனாளி நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். அப்போதுதான் முழு விடுவிப்பு கிடைக்கும். மழையில் சரக்கு கெட்டதற்கும், குடும்பத்தில் ஒருவரின் மருத்துவச் செலவுக்கும், வாடிக்கையாளர் தராத பாக்கிக்கும் சான்று வேண்டும். மூன்றாண்டுக் கணக்குப் புத்தகம் இங்கே அவருக்குத் துணை நிற்கும். ஒரு கடனையோ ஒரு நகையையோ மறைத்தது தெரிந்துவிட்டால், மற்ற எல்லாச் சான்றுகளின் மீதும் நீதிமன்றத்துக்கு ஐயம் வந்துவிடும்.

கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் தொழில் முறையில் சொல்வதை, அவர் இசைவின்றி வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்பது சட்டம். எனவே ஏற்கெனவே செய்துவிட்ட தவறையும் அவரிடம் தயங்காமல் சொல்லலாம். ஆனால் இனிமேல் மோசடி செய்வதற்குக் கேட்கும் யோசனைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கட்டணம்

வழக்கறிஞர் கட்டணம் வேறு, வழக்குச் செலவு வேறு. நீதிமன்றக் கட்டணம், நோட்டீசு அனுப்பும் பேட்டா, நாளிதழ் விளம்பரச் செலவு, தட்டச்சு, நகல் ஆகியவை செலவுகள். இரண்டையும் தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மனுத் தாக்கல், நொடிப்பு அறிவிப்பு, விடுவிப்பு விண்ணப்பம் எனக் கட்டங்களாகப் பிரித்துக் கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது. பேசிய கட்டணத்தில் விடுவிப்பு விண்ணப்பமும் அடங்குமா என்று கேட்டுத் தெளிய வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

'ஜெயித்தால் இவ்வளவு' என்று வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது வழக்கறிஞர் விதிகளுக்கு மாறானது. முடிவுக்கு உத்தரவாதம் தருவதும் அப்படியே நம்பத் தகாதது.

வழக்கு நடக்கும்போது

வக்காலத்தில் கையெழுத்திட்டதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. மனுவைத் தாக்கல் செய்யும் முன் முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். அது ஆங்கிலத்தில் இருந்தால் வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். அதில் உள்ளது உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திடுபவர் கடனாளிதான், வழக்கறிஞர் அல்லர். வெற்றுத் தாளில் கையெழுத்திடவே கூடாது.

ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் மூன்று விவரங்களை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்: இன்று என்ன நடந்தது, அடுத்த தேதி எது, அதற்குள் நான் செய்ய வேண்டியது என்ன. வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேதியை நாமே பார்க்கலாம். சின்னச் சின்ன விவரங்களுக்கு வழக்கறிஞரின் குமாஸ்தாவிடம் கேட்பதே எளிது.

கடன்காரர்கள் வீட்டுக்கு வந்தால் சண்டையிடாமல், வழக்கு எண்ணைச் சொல்லி வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லலாம். தனியாக எவருக்கும் எழுதிக் கொடுப்பதோ பணம் கொடுப்பதோ கூடாது. ரிசீவர் அழைத்தால் போக வேண்டும், கேட்ட கணக்கைக் கொடுக்க வேண்டும். ரிசீவர் நம் வழக்கறிஞரல்லர். எல்லாக் கடன்காரர்களுக்கும் பொதுவானவர். நொடித்தவர் என்ற ஆணைக்குப் பிறகு பரம்பரைச் சொத்தில் பங்கு வந்தாலும் பரிசு கிடைத்தாலும் உடனே வழக்கறிஞரிடம் தெரிவிக்க வேண்டும். விடுவிப்புக்கு முன் வருபவை அனைத்தும் கடன்காரர்களுக்கே சேரும்.

வழக்கு நடக்கும்போதே சமரசத் திட்டமும் கொடுக்கலாம். கடனை நிரூபித்து, விசாரணைக்கு வந்திருக்கும் கடன்காரர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையினரும், தொகையில் நான்கில் மூன்று பங்கினரும் ஏற்றால், நீதிமன்றம் அதைப் பரிசீலித்து ஒப்புதல் அளிக்கலாம்.

விடுவிப்பு ஆணை

நொடித்தவர் என்று அறிவிக்கும் ஆணையிலேயே, எவ்வளவு காலத்துக்குள் விடுவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் குறிப்பிடும். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைக்க வேண்டும். கடன்காரர்கள் வருவது நின்றதும், 'ஐ.பி. போட்டாகிவிட்டது' என்று இதை மறந்துவிடும் ஆபத்து உண்டு. குறித்த காலத்தில் விண்ணப்பிக்காவிட்டால் அறிவிப்பே இரத்தாகிவிடும். பட்ட பாடெல்லாம் வீணாகிக் கடன்கள் மீண்டும் உயிர் பெறும்.

விடுவிக்கப்படாத நொடித்தவர் நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ தேர்ந்தெடுக்கப்பட முடியாது. தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்குவதும் அவருக்குக் குற்றம். இத்தடைகளிலிருந்து அவரை மீட்பது விடுவிப்பு ஆணையே. அதன் சான்றிட்ட நகலை வாங்கிப் பத்திரப்படுத்தும் வரை வழக்கறிஞருடனான வேலை முடியவில்லை.

வழக்கறிஞரை மாற்ற நேர்ந்தால்

வாய்தாவுக்கு வராமை, தகவல் சொல்லாமை, பணத்துக்குக் கணக்குக் காட்டாமை ஆகியவை தொடர்ந்தால் வழக்கறிஞரை மாற்றலாம். முதலில் எழுத்தில் கேட்பது முறை. மாற்றுவதானால் அவரது ஒப்புதலையோ நீதிமன்ற அனுமதியையோ பெற்றுப் புதியவரின் வக்காலத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டிக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. தொழில் முறைகேட்டுக்குத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் புகார் செய்யலாம். வழக்கறிஞரின் பதிவு எண் வக்காலத்தில் இருக்கும்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகுமுன் வீட்டில் உட்கார்ந்து, மனைவியோ கணவரோ வளர்ந்த பிள்ளைகளோ உடனிருக்க, அந்த இரண்டு பட்டியல்களையும் எழுதுவது நல்லது. குடும்பத்துக்குத் தெரியாத கடன் ஒன்றிரண்டு அப்போது வெளியே வரும். அது அன்றைக்கு வேதனையாக இருக்கும். ஆயினும் நீதிமன்றத்தில் வெளியாவதைவிட வீட்டில் வெளியாவது நல்லது. முழுமையான பட்டியல் கைக்கு வந்துவிட்டால், வழக்கறிஞரின் வேலையில் பாதி முடிந்தது போலத்தான்.